லினோலியத்தின் மேல் ஓடிய பெயர்கள்

1948 பிப்ரவரியில் மெக்சிகோவில் 'ரியோ எஸ்கொந்திதோ' என்றொரு படம் திரைக்கு வந்தது. மரியா ஃபெலிக்ஸ் கதாநாயகி, எமிலியோ ஃபெர்னாந்தெஸ் இயக்குநர், கப்ரியேல் ஃபிகெரோவா ஒளிப்பதிவாளர். மூவரும் அன்றைய மெக்சிக சினிமாவின் உச்சத்தில் இருந்தவர்கள். டைட்டிலில் இவர்களோடு இன்னொரு பெயரும் வரும்: அச்சோவியங்கள், லியோபோல்டோ மெந்தெஸ். டைட்டில் பகுதியில் திரையை நிறைப்பவை அவர் லினோலியத்தில் செதுக்கி எடுத்த படங்கள். தீப்பந்தம் ஏந்தி இருட்டில் திரண்டு வரும் குடியானவர்கள் ஒன்றில். கிராமத்துப் பள்ளி ஆசிரியை இன்னொன்றில். மலிவுத் தாளில் அச்சாகி, சுவரில் ஒட்டப்பட்டு, நாலு மழையில் கரைந்து போய்க்கொண்டிருந்த ஒரு கலை, அன்று கொட்டகை இருளில் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்க்க வைத்தது.

திரைத்தொழிலாளர் வரலாற்றை அச்சோவியக் கலை எப்படிப் போற்றியிருக்கிறது என்று தேடுகிறவர்கள் பொதுவாக வேலைநிறுத்தச் சுவரொட்டிகளையும் மறியல் அட்டைகளையும் நோக்கித்தான் போவார்கள். நான் டைட்டிலிலிருந்து தொடங்குகிறேன். சினிமாவில் உழைத்தவரின் பெயர் ஊரறியத் தெரியவரும் ஒரே இடம் அதுதான். யார் பெயர் முதலில், யார் பெயர் தனியாக, யார் பெயருக்கே இடமில்லை என்று ஒவ்வொரு நாட்டுத் திரைத்துறையும் அந்தச் சில நிமிடங்களுக்காகச் சண்டை போட்டிருக்கிறது. மெந்தெஸின் படங்கள் அந்த இடத்தில் வந்து அமர்ந்ததைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. செதுக்கியவர் தொழிற்சங்கங்களுக்குச் சுவரொட்டி போட்டே கை பழகியவர். ஒளிப்பதிவாளர் மெக்சிகத் திரைத்தொழிலாளர் சங்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். இந்த இருவரும் சந்தித்த பத்தாண்டுகளில்தான் நம் விஷயம் இருக்கிறது.

மெந்தெஸ் 1902இல் மெக்சிகோ நகரில், ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 1937இல் பாப்லோ ஓஹிக்கின்ஸ், லூயிஸ் அரெனால் முதலியவர்களுடன் சேர்ந்து 'தாயெர் தே கிராஃபிகா பொபுலார்' என்ற மக்கள் வரைகலைப் பட்டறையைத் தொடங்கினார். ஓவியர்கள் தனித்தனியே அறையில் உட்கார்ந்து வரையும் கூடமாக அது இருக்கவில்லை. ஒரு சங்கமோ மாணவர் அமைப்போ வந்து சுவரொட்டி கேட்கும். யாராவது ஒருவர் முன்மாதிரி வரைவார். அதை எல்லோரும் கூடிக் கிழித்துப் பேசுவார்கள், திருத்துவார்கள். அதன் பிறகுதான் உளி இறங்கும். பாசிச எதிர்ப்புக் கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் துண்டறிக்கைகளுக்கும் இப்படித்தான் படங்கள் போயின. பட்டறையில் இருந்த பழைய கல்லச்சு இயந்திரத்தில் 'பாரிஸ் 1871' என்று பொறித்திருந்ததாகவும், பாரிஸ் கம்யூன் நாட்களில் ஓடிய இயந்திரம் அது என்றும் சொல்லிக்கொள்வார்கள். மெய்யோ இல்லையோ, தங்களுக்கு எந்தக் குலதெய்வம் வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இருக்கவில்லை.

கல்லச்சைவிட அவர்கள் கைக்கு அதிகம் படிந்தது லினோலியம். ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் குழைத்துச் சணல் துணியில் பரப்பிச் செய்யும் தரைவிரிப்பு அது. வீட்டுத் தளத்துக்காக வந்த சரக்கு. மரத்தைப் போல அதற்கு இழையோட்டம் கிடையாது. உளியை எந்தப் பக்கம் தள்ளினாலும் போகும். வெட்டி எடுத்த இடம் தாளில் வெள்ளையாக நிற்கும், விட்டு வைத்த இடம் மை வாங்கிக் கறுப்பாகும். மரக்கட்டையில் ஒட்டி ஈய எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் சாதாரண அச்சகத்திலேயே வாசகத்தோடு சேர்த்து ஓட்டிவிடலாம். விலை குறைவு, வேகம் அதிகம், பிரதி எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கையில் காசில்லாத சங்கத்துக்கு இதைவிட ஏற்ற கலை இல்லை. கூட்டம் நாளை மாலை என்றால் சுவரொட்டி இன்று இரவே தயாராக வேண்டும். செப்புத் தகட்டில் அமிலம் ஊற்றிக் காத்திருக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

1940களில் இந்தப் பட்டறையின் பெயர் மெக்சிகோவுக்கு வெளியே பரவியது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியின் முன்னாள் இயக்குநர் ஹான்னஸ் மேயர் மெக்சிகோவில் தஞ்சம் புகுந்திருந்தபோது இதன் பதிப்பு வேலைகளைப் பார்த்துக்கொண்டார். நாஜிகள் மக்களை ரயில் பெட்டிகளில் அடைத்துச் சாவுக்கு அனுப்புவதை மெந்தெஸ் 1942இலேயே செதுக்கினார். அந்தக் கொடுமையைக் காட்டிய மிக முந்தைய படங்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. 1946இல் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களான எலிசபெத் கேட்லெட்டும் சார்லஸ் வைட்டும் வந்து சேர்ந்தார்கள். மறு ஆண்டு மெக்சிகப் புரட்சியைப் பற்றி 85 அச்சோவியங்கள் கொண்ட பெருந்தொகுப்பு வெளிவந்தது. 'ரியோ எஸ்கொந்திதோ'வுக்கான அழைப்பும் அதே 1947இல்தான் வந்தது.

கதை இதுதான். நாட்டின் அதிபர் ஓர் இளம் ஆசிரியையைத் தொலைதூர கிராமத்துக்கு அனுப்புகிறார். அங்கே குடிதண்ணீர்கூட ஊர்ப் பெருந்தனக்காரனின் கையில். பள்ளிக்கூடம் அவனுடைய குதிரை லாயம். ஆசிரியை அவனை எதிர்த்து நின்று, கடைசியில் சுட்டு வீழ்த்தி, தானும் நோயில் சாகிறாள். மெந்தெஸ் இதற்காகப் பத்து லினோகட்டுகள் செதுக்கினார். பிறகு அவை தனித் தொகுப்பாகவும் வெளிவந்தன.

திரைக்காகச் செதுக்குவது வேறு வித்தை. தாளில் இருக்கும் படத்தைப் பார்ப்பவர் கையில் எடுத்துத் திருப்பி, கிட்டே வைத்து, மூலையில் ஒளிந்திருக்கும் நாயைக்கூடக் கண்டுபிடிக்கலாம். திரையில் அந்த அவகாசம் இல்லை. அடுத்த கார்டு வந்துவிடும். எனவே படத்தின் முதுகெலும்பு ஒரே பார்வையில் பிடிபட வேண்டும். அதோடு, உளி ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் இழுத்த கோடு திரையில் விரல் அகலத்துக்கு விரியும். சிறு தடுமாற்றமும் ஊர் முழுக்கத் தெரியும். மெந்தெஸின் தீப்பந்தப் படத்தைப் பாருங்கள். சுடர்களிலிருந்து தெறிக்கும் வெள்ளைக் கீறல்கள் கறுப்பைக் கிழித்துக்கொண்டு ஒரே திசையில் சாய்கின்றன. முகங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண வேண்டியதில்லை, கூட்டம் நகர்கிறது என்பது முதல் நொடியிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. ஓடாத படம் ஒன்று ஓடும் படத்துக்கு முன்னால் நின்று தாக்குப்பிடிப்பது இந்தச் சாய்வினால்தான்.

ஃபிகெரோவாவுக்கும் இந்தக் கறுப்பு வெள்ளையோடு நேரடி உறவு உண்டு. ஃபில்டர் போட்டு வானத்தைக் கறுக்கவைத்து, அதில் மேகங்களை வெட்டி எடுத்ததுபோல் நிறுத்துவது அவருடைய முத்திரை. தன் ஒளியமைப்புக்குச் சுவரோவியர்களிடமும் மெந்தெஸைப் போன்ற அச்சோவியர்களிடமும் கடன்பட்டிருப்பதை அவர் மறைத்ததில்லை. ஆகவே இந்தப் படத்தில் லினோகட் முடிந்து முதல் காட்சி தொடங்கும்போது பார்வையாளனின் கண்ணுக்குப் பெரிய தாவல் எதுவும் இல்லை. தொடர்ந்து 'புவெப்லெரினா', 'உன் தியா தே விதா', 'எல் ரெபோஸோ தே சொலெதாத்', 'லா ரெபெலியோன் தெ லோஸ் கொல்காதோஸ்' என்று 1954 வரை பல படங்களுக்கு மெந்தெஸ் செதுக்கினார். கடைசியாகச் சொன்ன படம், மரம் வெட்டும் முகாம்களில் கொத்தடிமைகளாகச் சிக்கிய பழங்குடித் தொழிலாளர்களின் கிளர்ச்சியைப் பற்றிய பி. ட்ராவனின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டது.

ஃபிகெரோவா விளக்குக்குப் பின்னால் மட்டும் நின்றவர் அல்ல. 1940களின் தொடக்கத்தில் மெக்சிகத் திரைத்துறை முழுவதும், அதாவது ஸ்டூடியோத் தச்சரிலிருந்து கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர் வரை, எஸ்டிஐசி என்ற ஒரே சங்கத்தில் இருந்தது. தலைமையின் மேல் ஊழல் குற்றச்சாட்டுகள் எழுந்தன. படம் எடுப்பவர்களின் தேவை வேறு, ஓட்டுபவர்களின் தேவை வேறு என்ற மனத்தாங்கலும் வளர்ந்தது. 1945இல் சங்கம் உடைந்தது. நடிகர்கள், இயக்குநர்கள், தொழில்நுட்பக்காரர்கள் வெளியேறி எஸ்டிபிசி என்ற தயாரிப்புத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். முன்னணியில் நின்றவர்கள் நகைச்சுவை நட்சத்திரம் கான்டின்ஃபிளாஸ், பாடகர்-நடிகர் ஹோர்ஹெ நெக்ரெத்தே, ஒளிப்பதிவாளர் ஃபிகெரோவா. தகராறு அதிபர் ஆவிலா கமாச்சோவின் மேசை வரை போனது. முழுநீளக் கதைப்படம் எடுப்பது புதுச் சங்கத்துக்கு, செய்திப்படமும் விநியோகமும் கொட்டகையும் பழைய சங்கத்துக்கு என்று பாகப்பிரிவினை நடந்தது. அதன் பிறகு வந்த பல மெக்சிகப் படங்களின் டைட்டிலில், இது எஸ்டிபிசி தொழிலாளர்கள் எடுத்த படம் என்ற அறிவிப்பைப் பார்க்கலாம்.

சங்கத்தின் பெயரைச் சரக்கின் மேலேயே பதிக்கும் இந்தப் பழக்கம் சினிமாவுக்கு அச்சுத் தொழிலின் வழியாக வந்தது என்று நினைக்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சுருட்டுத் தொழிலாளர்கள் பெட்டியில் சங்க முத்திரை ஒட்டத் தொடங்கினார்கள். அச்சகத் தொழிலாளர்கள் அதை எடுத்துக்கொண்டு, தாங்கள் அச்சடித்த ஒவ்வொரு துண்டறிக்கையின் அடியிலும் எறும்பளவில் தங்கள் அடையாளத்தைப் போட்டார்கள். ஹாலிவுட் படங்களின் டைட்டிலில் ஐயாட்சே என்ற மேடை-திரைத் தொழிலாளர் சங்கத்தின் சின்னம் வருவதும் இந்த வழக்கத்தின் நீட்சிதான். ஒரு சுவரொட்டி தொழிலாளர் உரிமையைப் பற்றி என்ன முழங்கினாலும் சரி, அதை அச்சடித்தவருக்கு நியாயக் கூலி கிடைத்ததா என்பதற்குச் சான்று அந்த எறும்பு ஒன்றுதான்.

அச்சகத்துக்கும் சினிமாவுக்கும் இன்னும் நெருங்கிய ஓர் உறவு உண்டு. அது லேப். நெகட்டிவ் என்பது செதுக்கிய கட்டை, பிரிண்ட் என்பது அதிலிருந்து எடுத்த பிரதி. இருட்டறையில் மருந்துத் தொட்டிகளுக்கு நடுவே நிற்கும் லேப் தொழிலாளி, தொழிலின் இலக்கணப்படி ஓர் அச்சுத் தொழிலாளி. அவர் கை நின்றால் படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். இது முதலாளிகளுக்கும் தெரியும், சங்கங்களுக்கும் தெரியும்.

1945 மார்ச் 12 அன்று ஹாலிவுட்டில் ஸ்டூடியோ சங்கங்களின் கூட்டமைப்பான சிஎஸ்யு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. செட் அலங்காரம் செய்யும் எழுபத்துச் சொச்சம் பேர் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்ற தகராறில் ஆரம்பித்தது. ஏறக்குறைய 10,500 பேர் வெளியே வந்தார்கள். பெயிண்டர்கள், தச்சர்கள், கார்ட்டூன் வரைபவர்கள் எனக் கைத்தொழில்காரர்கள் நிறைந்த கூட்டமைப்பு அது. தலைவர் ஹெர்பர்ட் சாரெல், பெயிண்டர் சங்கத்துக்காரர். எதிரே ஐயாட்சே நின்றது. அதன் முந்தைய தலைவர்கள் ஜார்ஜ் பிரவுனும் வில்லி பயோஃபும் ஸ்டூடியோக்களிடம் மிரட்டிப் பணம் பறித்ததற்காக 1941இல்தான் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். அக்டோபர் 5 அன்று பர்பேங்கில் வார்னர் பிரதர்ஸ் வாசலில் மறியல்காரர்கள் மேல் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சப்பட்டது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. ஹாலிவுட்டின் கறுப்பு வெள்ளி என்று அந்த நாளைச் சொல்கிறார்கள். மறு ஆண்டும் மோதல் தொடர்ந்தது.

இந்தப் போராட்டத்தின்போது, ஹாலிவுட்டில் கழுவ முடியாத ஃபிலிமை மெக்சிகோவுக்கு அனுப்பி வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஃபிகெரோவா அதை ஏற்க மறுத்தார், மெக்சிக லேப் அதைத் தொடவில்லை. எல்லை தாண்டிய தொழிலாளர் ஒற்றுமை என்று மேடையில் பேசுவது சுலபம். எதிர்காலத்தில் தனக்குச் சம்பளம் தரக்கூடிய ஸ்டூடியோக்களைப் பகைத்துக்கொண்டு ஒரு ஒளிப்பதிவாளர் அதைச் செய்து காட்டுவது வேறு. அவருக்கு அதற்கான விலையும் இருந்தது: கம்யூனிஸ்ட் என்ற சந்தேகம் அமெரிக்காவில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பின்னாளில் ஹாலிவுட் இயக்குநர் இலியா கஸான், மெக்சிகப் புரட்சித் தலைவர் ஸபாட்டாவைப் பற்றிய 'விவா ஸபாட்டா'வை மெக்சிகோவில் எடுக்க விரும்பித் தொழில்நுட்பக்காரர் சங்கத் தலைவரான ஃபிகெரோவாவைப் பார்க்க வந்தார். திரைக்கதையில் காட்டிய ஸபாட்டா எங்கள் ஸபாட்டா இல்லை என்பது ஃபிகெரோவாவின் நிலை. படம் கடைசியில் டெக்சாஸில் எடுக்கப்பட்டது. 1952இல் கஸான் இந்தச் சந்திப்பைக் கம்யூனிஸ்ட் தலையீட்டுக்குச் சான்றாக எழுதினார். அதே ஆண்டு ஏப்ரலில், கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் உட்கார்ந்து தன் பழைய தோழர்களின் பெயர்களையும் சொன்னார்.

சிஎஸ்யுவுக்கு முன்கதை ஒன்று உண்டு. அது நம் விஷயத்துக்கு வேறு பக்கத்திலிருந்து வந்து சேர்கிறது. 1941 மே 29 அன்று டிஸ்னி ஸ்டூடியோவில் கார்ட்டூன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதை வழிநடத்தியவரும் இதே சாரெல். வரைபவர்களே மறியல் செய்ததால் அவர்கள் பிடித்த அட்டைகளில் டிஸ்னியின் பாத்திரங்களே டிஸ்னியைக் கேலி செய்தன. குறைகளில் ஒன்று பெயர். குறும்படங்களின் டைட்டிலில் வால்ட் டிஸ்னியின் பெயர் மட்டுமே பெரிதாக நிற்கும். அடிமட்டத்தில் இருந்தவர்கள் மை-வண்ணப் பிரிவுப் பெண்கள். ஓவியரின் பென்சில் கோட்டைக் கண்ணாடி போன்ற செல் தாளில் மையால் நகலெடுத்து, பின்புறம் வண்ணம் நிரப்புவது அவர்கள் வேலை. ஒவ்வொரு செல்லும் ஒரு கைப்பிரதி. 1938இலிருந்து கூர்வோசியே கலைக்கூடம் அந்தச் செல்களைக் கலைப்பொருளாக விற்கத் தொடங்கியது. வாங்கியவர் வீட்டுச் சுவரில் தொங்கிய கோடு ஒரு பெண் இழுத்த கோடு. அவள் பெயர் திரையிலும் இல்லை, சட்டகத்திலும் இல்லை.

1961இல் வந்த '101 டால்மேஷியன்ஸ்' படத்தில் ஸெராக்ஸ் முறை முழுமையாக நுழைந்தது. ஓவியரின் கோடு இயந்திரத்தின் வழியே நேராகச் செல்லில் பதிந்தது. கலை விமர்சகர்கள் அந்தக் கரடுமுரடான பென்சில் அழகைப் பாராட்டினார்கள். அதில் நியாயமும் இருந்தது. மையால் நகலெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பலருக்கு வேலை போனது. பிரதியெடுக்கும் கலை தொழிலாளியை எப்போதும் உயர்த்தவே செய்யும் என்று நம்புகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர் அழிப்பு அடுத்த கட்டம். 1947க்குப் பிறகு, கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் ஹாலிவுட் வேலை தர மறுத்த கறுப்புப் பட்டியலில் விழுந்த எழுத்தாளர்கள் பலர் மெக்சிகோவில் தங்கினார்கள். டால்டன் ட்ரம்போ அங்கே பார்த்த காளைச்சண்டையிலிருந்து 'தி பிரேவ் ஒன்' என்ற கதை பிறந்தது. 1957இல் அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. பெற்றவர் ராபர்ட் ரிச். அப்படியொரு எழுத்தாளரே கிடையாது, ட்ரம்போவின் புனைபெயர். அவருடைய 'ரோமன் ஹாலிடே' கதை நண்பர் இயன் மெக்லெலன் ஹன்டர் பெயரில் வெளிவந்தது. இலங்கையில் கிதுல்கல ஆற்றங்கரையில் எடுக்கப்பட்ட 'குவாய் நதிப் பாலம்' படத்தின் திரைக்கதையைக் கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் எழுதினார்கள். டைட்டிலில் வந்தது மூல நாவலாசிரியர் பியர் பூலின் பெயர் மட்டும். அவர் எழுதியது பிரெஞ்சில்.

அதே வில்சன் எழுதி, கறுப்புப் பட்டியலில் இருந்த ஹெர்பர்ட் பைபர்மன் இயக்கி, பால் ஜாரிகோ தயாரித்த 'சால்ட் ஆஃப் த எர்த்' 1954இல் வந்தது. நியூ மெக்சிகோவில் எம்பையர் சிங்க் சுரங்கத் தொழிலாளர்கள் 1950 முதல் 1952 வரை நடத்திய வேலைநிறுத்தக் கதை. நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சுரங்கக் குடும்பங்களே. கதாநாயகி மெக்சிகோவிலிருந்து வந்த ரொஸௌரா ரெவுவெல்தாஸ். மெந்தெஸின் லினோகட்டுகள் இடம்பெற்ற 'உன் தியா தே விதா'விலும் 'எல் ரெபோஸோ தே சொலெதாத்'திலும் நடித்தவர், பின்னதற்காக ஏரியல் விருது பெற்றவர். படப்பிடிப்பின் நடுவே அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் அவரைக் கைது செய்தார்கள். அவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மீதிக் காட்சிகளை மெக்சிகோவில் ரகசியமாக எடுத்துச் சேர்த்தார்கள். லேப்கள் ஃபிலிமைக் கழுவ மறுத்தன. ஐயாட்சே சங்கத்து ஆபரேட்டர்கள் ஓட்ட மறுத்தார்கள். நாடு முழுக்க ஏறத்தாழ ஒரு டஜன் கொட்டகைகளில்தான் படம் ஓடியது. எட்டு ஆண்டுகளுக்கு முன் மெக்சிக லேப் தொழிலாளர்களை வேலைநிறுத்தக்காரர்களின் பக்கம் நிறுத்திய அதே ஆயுதம், இங்கே வேலைநிறுத்தத்தைப் பற்றிய ஒரு படத்தின் மேல் பாய்ந்தது. கையை நிறுத்துவது தன்னளவில் முற்போக்கும் இல்லை, பிற்போக்கும் இல்லை. யார் சொல்லி, யாருக்கு எதிராக நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மெக்சிகோவைப் பொற்காலமாகச் சித்திரிக்கும் ஆசை எனக்கு இல்லை. 'ரியோ எஸ்கொந்திதோ' ஆசிரியையை அனுப்பும் அதிபரைத் தேவதூதர் நிலைக்கு உயர்த்துகிறது. அன்று நாற்காலியில் இருந்தவர் மிகேல் அலெமான். படம் வெளியான அதே 1948இன் அக்டோபரில் அவருடைய அரசு ரயில்வே தொழிற்சங்கத்தின் தலைமையைக் கைப்பற்றித் தன் ஆளான ஹெஸூஸ் தியாஸ் தெ லெயோனை உட்கார வைத்தது. குதிரைவீரன் உடையில் வலம் வந்ததால் அவருக்கு ஒட்டிய பட்டப்பெயரிலிருந்தே, அரசுக்கு விலைபோன சங்கத் தலைவர்களை மெக்சிகோவில் இன்றும் 'சார்ரோ' என்கிறார்கள். மெந்தெஸின் தீப்பந்தக் கூட்டம், ஒரு கையால் சங்கங்களை நெரித்துக்கொண்டிருந்த அரசின் புகழ்பாடும் படத்துக்குத் தோரணமாகத் தொங்கியது என்று ஒருவர் சொன்னால் என்னால் மறுக்க முடியாது. ஆனால் அந்த லினோகட்டுகளில் அதிபர் இல்லை. படம் அரசை நம்பியது, அச்சோவியம் கூட்டத்தை நம்பியது. இரண்டும் ஒரே திரையில் அடுத்தடுத்து வருவதால் அந்த விரிசல் இன்று துலக்கமாகத் தெரிகிறது. எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

எஸ்டிபிசியும் நாளடைவில் கதவைச் சாத்திக்கொண்டது. இயக்குநர் பிரிவில் ஏற்கனவே இருந்தவர்கள் புதியவர்களை உள்ளே விடவில்லை. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் மெக்சிக சினிமா வயதாகி மூச்சிரைத்தபோது, வேறு வழியின்றிச் சங்கமே பரிசோதனைப் படப் போட்டி ஒன்றை அறிவித்தது. 1965இல் முடிவு வந்தது. ரூபன் காமெஸின் 'லா ஃபோர்முலா செக்ரெத்தா' முதற்பரிசு பெற்றது. வேலையைக் காக்க எழுப்பிய மதில், இருபது வருஷத்தில் வேலை தேடி வருகிறவர்களைத் தடுக்கும் மதிலாகியிருந்தது.

மெந்தெஸ் 1953இல் செதுக்கிய ஒரு பெரிய லினோகட் உண்டு. மக்களுக்காக மலிவு அச்சில் ஆயிரக்கணக்கான படங்கள் போட்ட ஹோஸே குவாதலூப்பே போசாதாவுக்குச் செலுத்திய அஞ்சலி. போசாதா தன் பட்டறையில் கையில் உளியோடு உட்கார்ந்திருக்கிறார். சன்னலுக்கு வெளியே குதிரைப்படை மக்களை அடித்து நொறுக்குகிறது. அவர் பார்வை வெளியே, கை மேசைமேல். அச்சுத் தொழிலாளியை அவன் தொழில் செய்யும் இடத்திலேயே, கருவியோடும் மேசையோடும் காட்டிய படம் அது. தன் சாதிக் கலைஞனுக்கு மெந்தெஸ் கொடுத்த இந்த மரியாதையை 'ரியோ எஸ்கொந்திதோ'வின் லினோகட்டுகள் சினிமாத் தொழிலாளிக்குக் கொடுக்கவில்லை. டிராலி தள்ளுபவரோ, ஆர்க் விளக்கின் கார்பன் குச்சியை மாற்றுபவரோ அவற்றில் இல்லை. ஆசிரியைக்கும் குடியானவனுக்கும் முகம் கிடைத்தது. அந்த முகங்களைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களுக்கு, அதுவும் சிலருக்கு, பெயர் பொறிக்க இடம் கிடைத்தது.

அந்த இடமும் நிலையானது இல்லை. 1982 மார்ச் 24 அன்று மெக்சிகோ நகரின் தேசியத் திரைக்காப்பகமான சினெத்தேகா நசியோனால் தீப்பற்றி வெடித்தது. எளிதில் எரியும் நைட்ரேட் ஃபிலிம் உட்பட ஆயிரக்கணக்கான படச்சுருள்கள் சாம்பலாயின. சுவரில் ஒட்டி மழையில் கரையட்டும் என்று மலிவுத் தாளில் அச்சடித்த பட்டறைப் படங்களோ உலகின் பல அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. சார்லஸ் வைட் அந்தப் பட்டறையில் கற்றதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். வைட் 1956இல் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறி, பின்னர் அங்கே ஓட்டிஸ் கலைப்பள்ளியில் ஆசிரியரானார். 1970களில் அதே நகரின் கிழக்குப் பகுதியில் மெக்சிக வம்சாவளியினரிடையே உருவான செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ் போன்ற ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைகளும் மெந்தெஸின் பட்டறையைத் தங்கள் முன்னோடியாகவே பார்த்தன. ஸ்டூடியோ வாசல்களிலிருந்து அவை ரொம்ப தூரமில்லை. 2023இல் எழுத்தாளர்களும் நடிகர்களும் மாதக்கணக்கில் அந்த வாசல்களில் நடந்தபோது ஏந்திய அட்டைகளில் பல மார்க்கர் பேனாவால் கையில் எழுதியவை. அவற்றைச் சேகரித்து வைப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள்.

எழுத்தாளர்களின் அழிந்த பெயர்கள் திரும்பி வந்திருக்கின்றன. 'குவாய் நதிப் பால'த்துக்கான ஆஸ்கர் 1980களில் ஃபோர்மனுக்கும் வில்சனுக்கும் அவர்கள் இறந்த பிறகு வழங்கப்பட்டது. ட்ரம்போவுக்கு 1975இல் அவருடைய சிலை கையில் கிடைத்தது. 'ரோமன் ஹாலிடே'யில் கதாசிரியர் என்ற பெயரை எழுத்தாளர் சங்கம் 2011 டிசம்பரில்தான் மீட்டுக் கொடுத்தது. இவர்களுக்குக் கையெழுத்துப் படிகள் இருந்தன, கடிதங்கள் இருந்தன, வாதாடச் சங்கமும் பிள்ளைகளும் இருந்தார்கள். செல் தாளில் கோடு இழுத்த பெண்ணுக்கும், வேண்டாம் என்று ஃபிலிம் டப்பாவைத் திருப்பி வைத்த மெக்சிக லேப் தொழிலாளிக்கும் அப்படி எதுவும் இல்லை. அவர்களைத் தேட வேண்டுமானால் சம்பளப் பேரேடுகளிலும் சங்க உறுப்பினர் புத்தகங்களிலும்தான் தேட வேண்டும்.